வெளிச்சம் பார்க்க நின்ற ஆள்

மல்கிரேவில் ஒரு மண்டபம். சனிக்கிழமை காலை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. மணவறைச் சோடனை முடிந்து, சோடனைக்காரர் தன் ஏணியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஈரத் துணியால் துடைத்த மணமும் மல்லிகை மணமும் கலந்து வந்தன.

மணவறையில், மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில், நான் இருந்தேன். குளிருக்குப் போட்ட கறுப்பு ஜக்கெற்றைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் ஒரு வெள்ளைக் கடதாசித் தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தேன்.

"நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ," என்றாள் மலர்.

உயர்த்தினேன்.

"இவ்வளவும் வேண்டாம்."

இறக்கினேன். கமரா ஒரு தரம் சத்தம் போட்டது. அவள் அதன் முதுகைப் பார்த்தாள், ஏதோ ஒன்றைத் திருகினாள், இன்னொரு தரம் எடுத்தாள். பிறகு, "சரி, எழும்புங்கோ. மாப்பிள்ளை வந்திட்டார்," என்றாள்.

மாப்பிள்ளை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவன் சாப்பாட்டுத் தட்டோடு இருப்பதைக் கண்டால் யாரும் பார்ப்பார்கள்தான். நான் எழும்பி, பக்கக் கதவால் வெளியே போய், காருக்குள் ஏறி இருந்தேன்.

மெல்பேர்னில் இப்படிப் பல மணவறைகளில் இருந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தனியாக.

போன வாரம் இந்தப் பத்தியில், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மலர், "மெசினைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறீங்கள்," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்லுகிற வழக்கமும் அவளுக்கு இல்லை. ஆகவே இந்த வாரம் மெசின் இல்லை. மலர்.

தலை வெட்டுப்பட்ட தாய்மார்

மலர் என் மனைவி. முழுப்பெயர் தவமலர். படம் எடுக்க அவள் எங்கும் படித்ததில்லை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ரோவிலுக்குக் கிட்ட ஒரு ஷொப்பிங் சென்ரரில், பிலிம் கழுவிப் படம் போட்டுக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மெசினிலிருந்து வருகிற படங்களைப் பார்த்து, உறையில் போட்டு, உரியவரிடம் கொடுக்க வேண்டும். அதாவது, ஊரார் எடுத்த படங்களை நாள் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை.

கெட்ட படம் பார்த்துப் பார்த்துத்தான் நல்ல படம் எடுக்கப் பழகினேன் என்று அவள் சொல்லுவாள். கண் சிவந்த குழந்தைகள், பாதியை விரல் மறைத்த கடற்கரை, தலை வெட்டுப்பட்ட தாய்மார். குடும்பப் படத்தில் தலை வெட்டுப்படுவது எப்போதும் பின்னால் நிற்கிற தாய்க்குத்தான் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. எந்த நாட்டுச் சனமாக இருந்தாலும் அப்படித்தானாம். எடுக்கிறவர் பிள்ளைகளைப் பார்க்கிறார், முன்னால் இருக்கிற கேக்கைப் பார்க்கிறார், தாயின் தலை எங்கே முடிகிறதென்று பார்ப்பதில்லை.

பிறகு தான் எடுத்த எந்தப் படத்திலும் யாருடைய தலையையும் அவள் வெட்டியதில்லை. தப்பித்தவறி ஒரு முடி வெட்டுப்பட்டிருந்தாலும் அந்தப் படத்தை வீட்டாருக்குக் கொடுக்க மாட்டாள்.

அவளுடைய முதல் கமரா கடைக்காரர் பாவித்துக் கழித்தது. அதன் புத்தகம் தடிப்பான ஆங்கிலத்தில் இருந்தது. மலர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாசலில் இருந்த பூந்தொட்டி ஒன்றைக் காலை வெயிலில் எடுத்தாள், மத்தியானம் எடுத்தாள், மழையில் எடுத்தாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் பூந்தொட்டி. ஊருக்கு எழுதிய கடிதத்தோடும் ஒன்று வைத்து அனுப்பினோம். ஆட்களுடைய படம் ஒன்றும் இல்லையா என்று கேட்டுப் பதில் வந்தது.

இல்லைத்தான். எங்கள் கலியாணத்துக்கே படம் இல்லை. அப்போது யுத்தத் தடை, யாழ்ப்பாணத்துக்குள் பிலிமும் வராது, பற்றரியும் வராது. எனக்கு அதில் கவலை இருக்கவில்லை. கமராவைக் கண்டால் முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மலருக்குக் கவலை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் பாஸ்போட் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வெறும் கதிரை

மலரைத் தமிழ்ச் சனம் கூப்பிடத் தொடங்கியது ஒரு சாமத்திய வீட்டில், பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சடங்கில்தான். பிள்ளையை இருத்தும் கதிரைக்குப் பின்னால் பட்டுத் துணியும் காகிதப் பூவுமாகப் பெரிய சோடனை. பிள்ளை இன்னும் அலங்காரத்தில் இருந்தது. வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்க்க மலர் அந்தக் கதிரையை ஒரு படம் எடுத்தாள். அல்பத்தில் எல்லாவற்றையும் எடுத்த ஒழுங்கிலேயே ஒட்டினாள்.

பிள்ளையின் தாய் அல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் வெறும் கதிரை.

"என்ன மலர், நல்ல காரியத்தில ஆரும் வெறும் கதிரையைப் படம் எடுப்பினமே? ஆள் போன வீட்டிலதான் வெறும் கதிரை கிடக்கும்," என்றார்.

மலர் அந்தப் பக்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த விழா ஒரு பிறந்தநாள். நான் வழக்கம்போலக் காரில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். மலர் வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோ."

அன்று ஒரு கேக்குக்குப் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊஞ்சல், மணவறை, சிம்மாசனம் மாதிரியான கதிரைகள். மெழுகுதிரி ஏற்றாத கேக்குகள். எந்த விழாவிலும் முதல் படம் நான். அல்பத்தில் நான் இருக்க மாட்டேன். அது வீட்டாருடைய அல்பம்.

பிலிம் காலத்தில் எடுத்தவுடன் பார்க்க வழியில்லையே, பிறகு எதற்கு நான் என்று ஒருமுறை கேட்டேன். கடை மெசின் வெள்ளைக்காரரின் நிறத்துக்கு ஏற்றபடிதான் படம் போடுமாம். எங்கள் ஆட்களைக் கொடுத்தால் கரிச்சட்டி மாதிரி வரும், இல்லாவிட்டால் மஞ்சள் பூசின மாதிரி வரும்.

"உங்கட முகத்தின்ர நிறம் எனக்குத் தெரியும்," என்றாள் மலர். "அது சரியா வருமட்டும் மெசினைத் திருப்புவன். அது சரியா வந்தா எல்லாற்ர முகமும் சரி."

டிஜிற்றல் கமரா வந்த பிறகு கடதாசித் தட்டும் சேர்ந்தது. வெள்ளை நிறம் எது என்று கமராவுக்குக் காட்ட வேண்டுமாம். என் முகம் மட்டும் போதாமல் போய்விட்டது.

செத்த வீடுகளுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். வர முடியாமல் கனடாவிலும் ஊரிலும் இருக்கிறவர்களுக்கு அனுப்ப, பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படம் வேண்டும். அங்கே மட்டும் மலர் வந்து காரில் தட்ட மாட்டாள். பதற்றம் வந்தால் என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நிற்கும், விலகாது. அதனாலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சில செத்த வீட்டுப் படங்கள் இருட்டாக வந்தன. சனம் குறை சொன்னது.

கராஜில் இருந்த பெட்டிகள்

இப்போது விழாக்களுக்குக் கறுப்பு ரீ-சேட் போட்ட பெடியங்கள் நாலைந்து பேராக வருகிறார்கள். ஆகாயத்திலிருந்து படம் எடுக்கிறார்கள். மலரை எப்போதாவது யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. அவள் எடுத்த படங்களும் நெகட்டிவுகளும் நிறைந்த பெட்டிகள் எங்கள் கராஜில் கூரை வரைக்கும் இருந்தன. எங்கள் கார் வெளியில் நின்றது.

போன குளிர்காலம் பக்கத்து நூலகத்தில், உள்ளூர்ச் சனத்தின் பழைய படங்களைச் சேர்த்து வைக்கிறோம் என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். மலர் போய்க் கேட்டிருக்கிறாள். நித்யா என்கிற பெண் பார்க்க வந்தார். மதுரைப் பக்கம். நூலகத்தின் பழைய ஆவணப் பிரிவில் வேலை. கையுறை போட்டுக்கொண்டு கராஜ் தரையில் இருந்து நெகட்டிவுகளை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். வாரம் வாரம் வந்தார்.

ஒரு நாள் நான் தேத்தண்ணி கொண்டு போனபோது நித்யா கேட்டுக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, இந்த அங்கிள் யாரு? எல்லா ஃபங்ஷன்லயும் முதல் ஆளா உக்காந்திருக்காரே. உங்க கம்யூனிட்டில பெரிய ஆளா?"

மலர் என்னைக் காட்டினாள். நித்யா கையில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணியைப் பார்த்தார்.

"ஓ," என்றார்.

மலர் விளக்கம் சொன்னாள். நித்யா அதன் பிறகு மற்றப் பெட்டிகளைத் திறந்தபோதும் முதலில் என்னைத்தான் தேடினார். தன் மேலதிகாரிக்கும் கொண்டுபோய்க் காட்டினாராம். அந்தம்மா வெள்ளைக்காரி, நல்லவர். அகதியாக வந்த மனிதர் விருந்து மண்டபத்தில் வெறும் தட்டோடு இருப்பது ஆழமான கருத்து என்று சொன்னாராம். அது வெள்ளை நிறம் பார்க்க என்று நித்யா சொல்லியும் அவர் முழுதாக நம்பவில்லையாம்.

பிறகு விசயம் பெரிதாகியது. நூலகத்தில் ஒரு மண்டபம் தருகிறோம், மலரின் பெயரைச் சுவரில் எழுதிப் படங்களை வைப்போம் என்றார்கள். ஆனால் படத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் சம்மதம் தர வேண்டும். நித்யா ஒவ்வொருவராகக் கேட்டார். சாமத்தியப் பிள்ளைகள் இப்போது வக்கீலாகவும் டொக்டராகவும் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பொது இடத்தில் வைத்தால் வழக்குப் போடுவேன் என்று ஒரு பிள்ளை சொன்னது. சில தம்பதிகளில் ஒருவர் சம்மதித்தார், மற்றவர் எங்கே இருக்கிறார் என்று சம்மதித்தவருக்கே தெரியாது. விசா முடிவுக்குக் காத்திருக்கிற ஆட்கள் முகத்தைக் காட்டப் பயந்தார்கள். அதுவும் நியாயம்.

கடைசியில், ஒரே ஒரு ஆளின் சம்மதம் இருந்தால் போதும் என்கிற படங்கள்தான் மிஞ்சின.

"அங்கிள் சரின்னா எக்ஸிபிஷன் இருக்கு. இல்லேன்னா பெட்டிய பத்திரமா உள்ள வச்சு மூடிடுவோம். அவ்வளவுதான்," என்றார் நித்யா.

அன்று பின்னேரம் மலர் மயில்நீலச் சேலையை எடுத்து அயன் பண்ணி, அறைக் கதவில் கொழுவி வைத்தாள். கண்காட்சிக்கு இன்னும் நாளே குறிக்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். தமிழ்க் கடையில் பின்னால் தெரிந்தவர்கள் நின்றால் வரிசையை விட்டு விலகி, இன்னொருமுறை அரிசிப் பக்கம் போய் வருகிற ஆள் நான். கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்பேன். சுவர் சுவராக என் முகத்தைப் பெரிதாக்கி வைத்தால் நான் பிறகு எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பது?

"நான் மாட்டன்," என்றேன்.

"சரி," என்றாள் மலர்.

நித்யாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். சேலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். இரவு புட்டு அவித்தாள், வழக்கமான ருசி. கோவித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

குசினியில் கேட்டது

பெட்டிகளை ஏற்றிப் போக நித்யா வந்த நாள் மழை. பெட்டிகளை விறாந்தையில் அடுக்கினார்கள். நான் முகம் கொடுக்க வெட்கப்பட்டுக் குசினியில் நின்று, கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்," என்றார் நித்யா. "ஃப்யூனரல் போட்டோ இருக்குற பெட்டில மட்டும் அங்கிள் ஒண்ணுலயும் இல்ல. அங்க லைட் பாக்க மாட்டீங்களா?"

"பாக்கிறனான். மலர்வளையத்தை வச்சுப் பாக்கிறனான்."

"பூவ வச்சு ஸ்கின் கலர் எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுதான் இருட்டா வந்தது. சனமும் ஏசினது."

"அப்ப அங்கிளையே நிக்க வச்சிருக்கலாமே."

பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டுகிற சத்தம் கேட்டது. ஒட்டி, பல்லால் கடித்து அறுக்கிற சத்தமும் கேட்டது.

"என்ன பிள்ளை கேக்கிறீர்? அது சவப்பெட்டி வைக்கிற இடம். அந்த இடத்தில இவரை நிப்பாட்டி நான் கமராவுக்குள்ளால பாக்கிறதோ? படம் கெட்டாலும் பரவாயில்லை. என்னால அது ஏலாது."

நித்யா அடுத்த பெட்டியை மெல்ல இழுத்து வைத்தார்.

"இவருக்கு இது தெரியாது," என்றாள் மலர். "தன்ர மூஞ்சி சரியில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் தண்ணீரை நிறுத்தினேன். கையைத் துடைத்தேன். பிறகு ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தேன், அது ஏற்கெனவே துடைத்தது. நான் வெளியே போனபோது இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் இருந்தார்கள்.

"எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்று நித்யாவிடம் கேட்டேன்.

மலர் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அந்தச் சேலை மடிச்சு வச்சா மடிப்புப் பிடிச்சிடும். எடுத்துக் கொழுவும்."

நூலக மண்டபத்தில்

திறப்பு நாள் மலர் தன் கமராவையும் கொண்டு வந்தாள். நூலகத்துக்காரர் படம் எடுக்க ஒருவரை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். மலர் அவர் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, தன் பையைத் திறந்தாள்.

இன்னும் யாரும் வரவில்லை. புதுப் பெயின்ற் மணம். வாசல் சுவரில் அவள் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. உள்ளே நாலு பக்கமும் நான். முதல் சுவரில் தலைமயிர் இருந்தது, கடைசிச் சுவரில் இல்லை. இடையில் மீசை ஒன்று வந்து போயிருந்தது. கறுப்பு ஜக்கெற் மட்டும் மாறவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றாள் மலர். "அந்தச் சுவருக்குக் கிட்ட நில்லுங்கோ. ஆக்கள் வர முதல் ஒருக்கா வெளிச்சம் பாக்கவேணும்."

பையிலிருந்து கடதாசித் தட்டை எடுத்து நீட்டினாள். நின்றேன். நாடியை உயர்த்தச் சொன்னாள், உயர்த்தினேன்.

பிறகு சனம் வந்தது. நகரத்தின் மற்றக் கரையில் இருக்கிற வெரிபீயிலிருந்தும் ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் கார்ச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு பக்கக் கதவு எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். படங்களில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார்கள். இது எங்கட மணவறை, மாமா கட்டினது என்றார்கள். இந்தக் கேக் சரிஞ்சு விழுந்ததெல்லோ என்றார்கள். சந்தன நிறப் பட்டுத் துணியைத் தொட்டுக் காட்டி ஒரு அன்ரி அழுதார். நான் அந்தத் துணிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பதையும் சொன்னார்.

நிம்மதியாக இருந்தது. சாவியைப் பைக்குள் போட்டேன்.

ஒரு பெண் ஒரே படத்துக்கு முன்னால் கன நேரம் நின்றார். அவருடைய கலியாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அந்தக் கலியாணம் நிலைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மலர் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்ரி," என்றார் அந்தப் பெண், படத்தைப் பார்த்தபடியே. "இந்த மணவறையில இருந்தவையில அங்கிள் ஒராள்தான் மிஞ்சியிருக்கிறார்."

"அவரும் தட்டோடதான் இருக்கிறார்," என்றாள் மலர்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு மலர் தணிந்த குரலில், "உம்மட படம் எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. ஆருக்கும் காட்ட மாட்டன். நீர் அண்டைக்கு வடிவா இருந்தனீர்," என்றாள். அந்தப் பெண் ஓம் என்று தலையாட்டிவிட்டு மற்றச் சுவரைப் பார்க்கப் போனார்.

சனம் குறைந்த பிறகு நித்யா வந்தார். "ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் ஒண்ணா நில்லுங்க. ஒரு போட்டோ."

"நான் நிண்டா ஆர் வெளிச்சம் பாக்கிறது?"

"அதான் காலைலயே அங்கிள வச்சுப் பாத்துட்டீங்களே. குடுங்க இங்க."

மலருக்குக் கமராவைக் கழுத்திலிருந்து கழற்றக் கொஞ்ச நேரம் எடுத்தது. வார் கொண்டையில் சிக்கிக்கொண்டது. வந்து பக்கத்தில் நின்றாள். மயில்நீலச் சேலையில் அயன் பண்ணின மணம் இன்னும் இருந்தது. என் கையில் தட்டு இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பழக்கத்தில் கமராவுக்குப் பின்னால் மலரைத் தேடினேன். அங்கே நித்யா நின்றார். மலர் பக்கத்தில் நின்றாள். அங்கே திரும்பினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

நித்யா கமராவின் முதுகைப் பார்த்து முகம் சுளித்தார். "ஐயோ ஆன்ட்டி, உங்க தல கட் ஆயிடுச்சு. நில்லுங்க, இன்னொண்ணு எடுத்துடறேன்."

மலர் போய்க் கமராவை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவளுடைய தலை புருவத்துக்கு மேலே இல்லை. நான் முழுதாக இருந்தேன், கமராவைப் பார்க்காமல்.

ஒரு முடி வெட்டுப்பட்டாலும் கொடுக்க மாட்டாதவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். என் முகத்துக்கு வந்து நிறுத்தினாள். கன நேரம் பார்த்தாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றாள். "நிறம் சரியா வந்திருக்கு."